மலைநாட்டுக்கு நான் சுற்றுலா போனவள் அல்ல

தம்பி,

உன் கலியாண அழைப்பிதழில் நம்முடைய ஊரை மாற்றி அச்சடித்திருக்கிறாய். பெற்றவள் என்னைக் கேட்கவில்லை. செத்துப்போன உன் அப்பாவைக் கேட்க வழியில்லை என்பதால் அவர் பெயருக்கு முன்னாலேயே அந்தப் பொய்யைக் கொண்டுபோய் வைத்திருக்கிறாய். "இலங்கை வவுனியாவைப் பிறப்பிடமாகக் கொண்ட காலஞ்சென்ற" என்று அது தொடங்குகிறது. உன் அப்பா வவுனியாவில் பிறக்கவில்லை. நான் பிறக்கவில்லை. நீயும் பிறக்கவில்லை. நாம் மூன்று பேரும் பிறந்தது மலைநாட்டில், தலவாக்கலைக்கு மேலே, மூக்குத்திமலைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில். முந்நூறு அழைப்பிதழில் முந்நூறு தடவை பொய் சொல்லியிருக்கிறாய். இதற்கு நான் சம்மதிக்கவில்லை. கலியாணத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதற்குள்ளும் சம்மதிக்கப் போவதில்லை.

நேரில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய். பிறகு பிறம்ரன் வேர்ஹவுஸ் வேலைக்கு நேரமாகிறது என்று இறங்கிப் போய்விடுவாய். காகிதத்துக்குக் குறுக்கே யாரும் பேச முடியாது. அதனால் எழுதுகிறேன். இதன் ஒரு பிரதியை இங்கே கனடாவில் தமிழ்க் கடைகளில் வைக்கிற நம்முடைய வாரப் பேப்பருக்கும் அனுப்பியிருக்கிறேன். ஏன் அனுப்பினேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். யாருடைய பெயரையும் எழுதவில்லை. உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிற பிள்ளையின் பெயர் அவளுக்குச் சொந்தமானது. அதை என் சண்டைக்குள் இழுக்க எனக்கு உரிமையில்லை.

போன சனிக்கிழமை அந்தப் பிள்ளை வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழைப்பிதழ்களுக்கு மஞ்சள் பூசினாள். "மாமி, இப்பிடியே? கூடப் பூசிட்டனோ?" என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டாள். "நாலு மூலைக்கும் ஒரு பொட்டுப் போதும் புள்ள. சுவருக்கா பூசுற?" என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் மஞ்சள் கிண்ணம் சரிந்தது. நல்ல பிள்ளை. நான் மஞ்சள் பூசுவேன், எழுத்தைப் பார்க்கமாட்டேன் என்று நீ நினைத்திருப்பாய். என்னைப் பள்ளிக்கூடத்தில் யாரும் சேர்க்கவில்லை என்பது உண்மை. கலியாணம் கட்டிய பிறகுதான் நான் எழுத்துப் படித்தேன். விடியற்காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பிரட்டுக்களத்துச் சுவரில் தொழிற்சங்கத்துக்காரர்கள் ஒட்டிய நோட்டீசும், கருவாடு சுற்றி வந்த பேப்பரும்தான் என் வாத்தியார்கள். போகிறவர் வருகிறவரை நிறுத்தி ஆளுக்கு ஓர் எழுத்துக் கேட்பேன். சிலர் வேண்டுமென்றே தப்பாகச் சொல்லிச் சிரிப்பார்கள். அடுத்த ஆளிடம் சரிபார்த்துக்கொள்வேன். அப்படிப் படித்த எழுத்தால்தான் நாலாவது அழைப்பிதழை வாசித்தேன்.

"இதுல ஊரு தப்பா இருக்கு" என்றேன்.

"எங்கை மாமி?" என்று அவள் எட்டிப் பார்த்தாள். "வவுனியாதானே? அப்ப எந்த ஊர்?"

நான் வாயைத் திறக்கும் முன்னால் குசினியிலிருந்து உன் குரல் வந்தது. "அம்மாவுக்குக் கண்ணாடி மாத்த வேணும். நானும் ரெண்டு கிழமையாச் சொல்லிக்கொண்டிருக்கிறன்." அவள் சிரித்தாள். ஆனால் முழுதாகச் சிரிக்கவில்லை. அழைப்பிதழை ஒரு தரம் பார்த்தாள், என்னை ஒரு தரம் பார்த்தாள். கட்டிக்கொள்ளப் போகிறவள் முன்னால் உன்னைத் தலைகுனிய வைக்கக்கூடாது என்று நான் பேசாமல் இருந்துவிட்டேன். அது என் பிழை. இந்தக் கடிதத்தில் என் பிழைகள் இன்னும் வரும், அவசரப்படாதே.

அவளை வீட்டில் விட்டுவிட்டு வந்ததும் நீ என்னிடம் பேசியதை அப்படியே எழுதுகிறேன். நீ பிறகு இல்லை என்று சொல்லக்கூடாது.

"அம்மா, ஏன் இப்ப இதக் கிளர்றீங்க?"

"நீ ஏன் பொதைச்ச?"

"அவங்க அப்பா ஒரு மாதிரி ஆளு. தெரிஞ்சா கலியாணத்த நிப்பாட்டிருவாரு. ஒம்போது வயசுல வவுனியாவுக்குப் போனவன் நான். அங்கதான வளர்ந்தேன்? அது பொய்யா?"

"வளர்ந்தன்னு போட்டிருந்தா நானே மஞ்சள் பூசியிருப்பேன். பொறந்தன்னுல்ல போட்டிருக்க? அதுவும் ஒங்கப்பா தலையில."

"கலியாணம் முடியட்டும்மா. பொறகு மெதுவா சொல்லிக்கலாம்."

"பொறகுன்னா எப்ப? புள்ள பொறந்த பொறகா, நான் செத்த பொறகா? நான் செத்தா பேப்பர்ல அறிவித்தல் போடுவியே, அதுலயும் வவுனியான்னுதான போடுவ?"

நீ எழுந்து போய் டிவியைப் போட்டாய். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. போடத்தான் போகிறாய்.

இது அழைப்பிதழில் தொடங்கியதும் இல்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால் மோர்னிங்சைட்டில் பெண் வீட்டுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாயே, அன்றைக்கே தொடங்கிவிட்டது. போகிற வழியில் காரில் என்ன சொன்னாய்? "அம்மா, நீங்க ரொம்பப் பேச வேணாம். ஓம், ஓமெண்டு மட்டும் சொல்லுங்க." நானும் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டி ஓம் ஓம் என்றுகொண்டிருந்தேன். அந்தப் பிள்ளையின் அப்பா கந்தோர் உத்தியோகம் பார்த்தவர், மரியாதையான மனிதர், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவருக்கு மலைநாட்டைப் பற்றிப் பேச ஆசை வந்துவிட்டது. "நான் மூண்டு வருசம் பண்டாரவளையிலை வேலை செய்தனான் அக்கா. மலைநாடு எனக்கு உள்ளங்கை மாதிரி. அப்புத்தளையிலைதான் றெயில் கோச்சி ஆக உயரத்துக்கு ஏறும். அங்கை நிண்டு பாத்தால், மேகம் இல்லாட்டில் தெற்குக் கடல் தெரியும்" என்றார்.

எவ்வளவு நேரம்தான் ஓம் சொல்வது? "கடல் தெரியும், சரிதான். ஆனா ஆக உசரம் பட்டிப்பொல ஸ்டேசன். அங்கருந்து அப்புத்தளைக்கு எறங்கித்தான் போகும்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் கையில் தேத்தண்ணிக் கோப்பை அப்படியே நின்றது. "அக்காவுக்கு உது எப்பிடித் தெரியும்?"

நீ முந்திக்கொண்டாய். "அம்மா ஒருக்கா சுற்றுலா போனவ, மாமா."

"ஓ, ஏப்ரலிலையோ? நுவரெலியாவிலை பூப் பாக்கப் போயிருப்பியள். வடிவான இடம். அந்தத் தோட்டக்காட்டுச் சனந்தான், பாவங்கள், ஒண்டுந் தெரியாததுகள்" என்றார். அந்தச் சனம் அவருடைய சோபாவில் உட்கார்ந்து அவர் வீட்டு வடையைத் தின்றுகொண்டிருந்தது. பன்னிரண்டு வயதில் கூடையைத் தலையில் மாட்டி நாற்பத்திரண்டு வயதில் இறக்கியவள் நான். முப்பது வருஷம். அதை ஒரு வார்த்தையில் சுற்றுலா ஆக்கிவிட்டாய்.

சரி. சுற்றுலா போனவள் சொல்கிறேன், கேள். நாவலப்பிட்டி தாண்டியதும் கோச்சிக்கு மூச்சு வாங்கும். வட்டவளையில் ஆறு மாதம் மழை, மீதி ஆறு மாதம் மழை வருகிற மாதிரி இருக்கும். அட்டனில் இறங்கி மஸ்கெலியா வழியாகப் போனால் சிவனொளிபாத மலை. மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வைகாசிப் பௌர்ணமி வரை சனம் ஏறும். உச்சியில் இருக்கிற பாதத்தை நாம் சிவனுடையது என்போம், சிங்களவர் புத்தருடையது என்பார்கள், முஸ்லிம்கள் ஆதமுடையது என்பார்கள். ஏறும்போது முழங்கால் எல்லாருக்கும் ஒரே மாதிரித்தான் நோகும். விடியும்போது அந்த மலையின் நிழல் முக்கோணமாக மேற்கே போய் விழும். மஸ்கெலியாவில் அணை கட்டியபோது பழைய ஊர் முழுதாகத் தண்ணீருக்குள் போனது. கடும் வெயில் அடிக்கிற வருஷத்தில் நீர் இறங்கினால் பழைய கோயில் வெளியே தலை நீட்டும். சனம் சேற்றில் நடந்து போய்க் கும்பிட்டு வரும். தலவாக்கலைக்கு வந்தால் ரோட்டிலிருந்தே இரண்டு அருவி பார்க்கலாம். ஒன்று ஒல்லியாக உயரத்திலிருந்து விழும், மற்றது அகலமாகப் படி படியாக இறங்கும். அதற்கு மேலே கோச்சி நானுஓயாவுக்கு ஏறி, அம்பேவெல தாண்டிப் பட்டிப்பொலயில் உச்சியைத் தொடும். பிறகு ஒரு சுரங்கம். சுரங்கத்துக்கு இந்தப் பக்கம் மழையென்றால் அந்தப் பக்கம் வெயில் அடிக்கும். எங்கள் பக்கம் ஆடி மாதம் கம்பளிக்குள் நனைந்துகொண்டு கொழுந்து எடுப்போம். அதே ஆடியில் சுரங்கம் தாண்டிய ஊவாப் பக்கம் காய்ந்த காற்று அடித்து அவர்கள் கொழுந்துக்கு வாசம் ஏறும். எங்கள் கொழுந்துக்கு வாசம் வருவது தையிலும் மாசியிலும், விடியப்புறம் பனி கடிக்கிற காலத்தில். அந்தப் பக்கம் இறங்கினால் ஒகிய, அப்புத்தளை, பண்டாரவளை, எல்ல. தெமோதரையில் கோச்சி ஒரு வட்டம் அடித்து, தான் நின்றுவிட்டு வந்த ஸ்டேஷனுக்கு அடியிலேயே புகுந்து போகும். கடைசியில் பதுளை, அதன் தலைக்கு மேலே நமுனுகுலை. உன் மாமனாருக்கு மூன்று வருஷத்தில் இதில் பாதி தெரிந்திருக்கிறது. அதற்காக அவரை மெச்சுகிறேன். மீதிப் பாதியை என்னிடம் கேட்டிருக்கலாம்.

மூக்குத்திமலை என்ற பெயர் எந்த வரைபடத்திலும் இருக்காது. வெள்ளைக்காரத் துரை தன் நாட்டில் எங்கேயோ இருக்கிற ஊரின் பெயரைத் தோட்டத்துக்கு வைத்துவிட்டுப் போனான். ஆஸ்பத்திரித் துண்டிலும் தேயிலைப் பெட்டியிலும் அந்தப் பெயர்தான். ஆனால் மழை விட்டு வெயில் அடித்தால் உச்சிப் பாறையில் ஒரு வெள்ளைக்கல் மின்னும். அதைப் பார்த்து நம் ஆட்கள் வைத்த பெயர் மூக்குத்திமலை. மலைநாட்டில் ஒவ்வொரு தோட்டத்துக்கும் இப்படி இரண்டு பெயர் உண்டு. ஒன்று எழுதுவதற்கு, மற்றது வாழ்வதற்கு. அங்கே சாமிகளும் வேலைக்கு ஏற்ற மாதிரித்தான். தேயிலைச் செடியை வெட்டுகிற கவ்வாத்துக்கு ஒரு சாமி, கொழுந்துக்கு ஒரு சாமி, தொழிற்சாலைச் சக்கரத்துக்கு ரோதைமுனி. காலையில் முதல் பிடிக் கொழுந்தைக் கூடையில் போடும்போது மலை முழுக்க ஒரே குரலில் "பொலி, பொலி" என்று கத்துவோம். மாசி அமாவாசை கழிந்து காமன் கம்பு நட்டால் பௌர்ணமி வரை கூத்து. மன்மதனைச் சிவன் எரித்தாரா இல்லையா என்று இரண்டு கட்சி எதிரெதிரே நின்று பாடும். எரிந்தது என்கிற கட்சியும் எரியவில்லை என்கிற கட்சியும் விடிந்த பிறகும் சண்டையை விடாது. உன் அப்பாவுக்கு வருஷா வருஷம் எமன் வேஷம். ஒரு கோழியைக்கூட அறுக்கப் பயப்படுகிற மனிதர். நீ விறகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, மூன்று நாள் அவர் பக்கம் போகமாட்டாய். "எமன் கருப்பட்டி குடுக்குறான், வாங்கிக்கடா" என்று அவர் உன்னிடம் கெஞ்சுவார்.

ஏக்கத்தில் எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த வாழ்க்கைக்கு ஒரு நாள்கூடத் திரும்பிப் போக மாட்டேன். அட்டை கடித்துக் காலில் ரத்தம் வழிய நின்றது தெரியும். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் உன் இரண்டு அக்காமாரைப் பறிகொடுத்தது தெரியும். நிறை குறைந்தால் கங்காணி என் தாயை இழுத்துத் திட்டியதும் தெரியும். மூன்று தலைமுறை அந்த மண்ணில் உழைத்தவர்களை நாற்பத்தெட்டில் ஒரு சட்டத்தால் நாடில்லாதவர்கள் ஆக்கினார்கள். உன் தாத்தா அதற்குப் பிறகு வாக்குச்சீட்டைக் கண்ணால் காணாமலே செத்தார். பிறகு எழுபத்தேழுக் கலவரத்தில் லயத்துக்கு நெருப்பு வைத்தார்கள். போட்டிருந்த துணியோடு வவுனியாக் காட்டுக்கு வந்தோம். அந்தக் காட்டை வெட்டிக் குடிசை போட்டு, காய்ச்சலில் உன் அப்பாவை அங்கே புதைத்தோம். வவுனியா நமக்கு அடைக்கலம் தந்தது. அதற்கு என்றைக்கும் நன்றி சொல்வேன். அடைக்கலம் தந்த ஊர் வேறு, பிறந்த ஊர் வேறு. நன்றி சொல்வதற்காகப் பிறப்பை மாற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ரயில் பாதைக்கும் ரோட்டுக்கும் மலையை உடைத்தவர்களில் நம் முன்னோர்களும் உண்டு. உன் மாமனார் வீட்டில் ஊற்றுகிற தேத்தண்ணியும் அந்த மலையில் முளைத்ததுதான். இதில் நாம் வெட்கப்பட என்ன இருக்கிறது? வெட்கப்பட வேண்டியவர்கள் வேறு ஆட்கள்.

இனி என் பிழை. இதை நீ மறந்திருப்பாய் என்று பல காலம் நம்பினேன். வவுனியாவில் உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த முதல் மாதம். இலங்கையில் ஆக உயர்ந்த மலை எது என்று டீச்சர் கேட்டிருக்கிறார். நீ கையைத் தூக்கி, "பிதுருதலாகலை டீச்சர், எங்க தோட்டத்து உச்சியில நின்னா தெரியும், நான் பாத்திருக்கேன்" என்று சொல்லியிருக்கிறாய். சரியான பதில். ஆனால் ஒரு பையன் "தோட்டக்காட்டான்" என்றானாம், வகுப்பு முழுக்கச் சிரித்ததாம். நீ அழுதுகொண்டு வந்து என் மடியில் விழுந்தாய். நான் போய் அந்த டீச்சரைக் கேட்டிருக்க வேண்டும். அந்தப் பையனின் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். அதைச் செய்யாமல் உன்னை அறைந்தேன். "இனி எந்த ஊருன்னு யாரு கேட்டாலும் வவுனியான்னு சொல்லு. மலைன்னு வாயத் தொறந்த, சூடு வச்சிருவேன்" என்றேன். உன் அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். "புள்ள சரியாத்தான சொல்லியிருக்கான்?" என்று மட்டும் கேட்டார். நெருப்புக்குத் தப்பி வந்த பயம் எனக்கு. பயத்தில் சரியான பதிலுக்கு உன்னை அடித்தேன். நீ அச்சடித்த பொய்யை உன் வாயில் முதலில் ஊட்டியவள் நான்தான்.

அதோடு நின்றேனா? கனடாவுக்கு வந்து முதல் வருஷம், ஸ்காபரோவில் முதியோர் கூடுகிற இடத்துக்கு என்னைச் சேர்த்துவிட்டாய். ஒரு பெண் பக்கத்தில் வந்து, "அன்ரி, நீங்கள் எந்த ஊர்?" என்று கேட்டாள். இந்த நகரத்தில் நம் சனத்துக்குப் பெயர் கேட்பதற்கு முன்னால் ஊர் கேட்கிற பழக்கம். நான் வவுனியா என்றேன். "வவுனியாவிலை எவடம்?" என்றாள். எனக்கு இருமல் வந்துவிட்டது. நாலு வருஷமாக அந்தக் கூட்டத்தில் இருமிக்கொண்டிருக்கிறேன். ஆகவே உன்னைக் குற்றம் சொல்கிற தகுதி எனக்கு இல்லை என்று நீ சொல்லலாம். சொல்லு. தகுதி இல்லாமலே சொல்கிறேன். பொய்யை ஊட்டியவளுக்குத்தான் அதைக் கக்க வைக்கிற கடமையும் இருக்கிறது.

இதை ஏன் பேப்பருக்குக் கொடுத்தேன் என்பதற்கு வருகிறேன். நம்முடைய கட்டடத்துக் கீழ்த்தளத்தில் துணி தோய்க்கிற அறையில் ஒரு பெண்ணைப் பார்ப்பேன், என் வயதை விடக் கொஞ்சம் குறைவு. ஒரு வருஷமாக இருவரும் தலையை ஆட்டிக்கொள்வதோடு சரி. போன மாதம் அவள் ஈரத் துணி மூட்டையைத் தூக்கினாள். தோளில் போடவில்லை. பையின் பட்டியை நெற்றிக்கு மேலே உச்சந்தலையில் கொடுத்து, மூட்டையை முதுகில் சாய்த்து, கழுத்தை முன்னால் கொடுத்து எழுந்தாள். கொழுந்துக் கூடை சுமந்தவளைத் தவிர உலகத்தில் வேறு யாரும் அப்படித் தூக்க மாட்டார்கள். நான் கதவை மறித்துக்கொண்டு கேட்டேன்.

"மேலயா? மலைப்பக்கமா?"

அவள் முகம் மாறியது. சுற்றிப் பார்த்தாள். ஒருவரும் இல்லை. "மேலதான் அக்கா. மடுல்சீமப் பக்கம். நீங்க?"

"தலவாக்கல."

"பேச்சக் கேட்டு நெனச்சேன். ஆனா கேக்கப் பயம்." பிறகு என் கையைப் பிடித்தாள். "சத்தமா சொல்லிராதீங்க அக்கா. எம் மகன் கேட்டா திட்டுவான்."

ஒரே கட்டடத்தில் இரண்டு கிழவிகள். இருவருடைய மகன்மாரும் வளர்ந்த ஆண்பிள்ளைகள். இருவரும் துணி தோய்க்கிற அறையில் கிசுகிசுக்கிறோம், களவெடுத்தவர்கள் மாதிரி. இந்த நகரத்தில் இன்னும் எத்தனை வீட்டில் இப்படி இருமுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. இருமுகிறவர்கள் படிக்கட்டும். திட்டுகிற மகன்மாரும் படிக்கட்டும். அதற்காகத்தான் கொடுத்தேன்.

இன்று புதன்கிழமை. பேப்பர் வருவது அடுத்த வார வெள்ளி. இடையில் ஒரு ஞாயிறு இருக்கிறது. நீ செய்ய வேண்டியது அந்த ஞாயிறில். மோர்னிங்சைட்டுக்குப் போ. என்னைக் கூட்டிக்கொண்டு போகாதே. அம்மாவின் பிடிவாதம் என்று என் தலையில் போட்டுத் தப்பிக்க உனக்கு இடம் தர மாட்டேன். முதலில் அந்தப் பிள்ளையைத் தனியே கூப்பிட்டுச் சொல்லு. அவள் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் போகவில்லை. என் கண்ணாடியில் ஒரு குறையும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லு. பிறகு அவளுடைய அப்பாவுக்கு முன்னால் நின்று, மூக்குத்திமலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவளின் மகன் என்று சொல்லு. பொய் சொன்னதற்கு மன்னிப்புக் கேள். பிறந்ததற்குக் கேட்காதே.

முடிவு எடுக்க வேண்டியவள் அந்தப் பிள்ளை. அவள் வேண்டாம் என்றால், இந்த வீட்டில் அவளைப் பற்றி ஒரு குறைச்சொல் வரக்கூடாது. அவளை ஏமாற்றியவர்கள் நாம். நீ வீட்டுக்கு வா, நான் சமைத்து வைத்திருப்பேன், அழ வேண்டுமென்றால் அழு. அவள் சம்மதித்து அப்பா மறுத்தால், அது அவர்கள் வீட்டு வழக்கு. நாம் நடுவில் போய்க் கெஞ்ச வேண்டாம். அவர் நம்மை விரும்ப வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் என் காது கேட்க இன்னொரு தடவை "அந்தச் சனம்" என்று அவர் சொல்லக்கூடாது. சொன்னால் நான் எழுந்து நின்று பதில் சொல்வேன், ஓம் சொல்ல மாட்டேன்.

அச்சுக்காரரிடம் நானே டெலிபோனில் பேசிவிட்டேன். செவ்வாய்க்கிழமைக்குள் சரியான வரி கைக்கு வந்தால் திருப்பி அடித்துத் தருவாராம். வரியை எழுதி இந்தக் கடிதத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். பிள்ளை சம்மதித்தால் அதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியது நீ. ஏற்கெனவே கொடுத்து முடித்த வீடுகளுக்கு நேரே போய், பழையதை வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுக்க வேண்டியதும் நீ. தபாலில் போடக்கூடாது. ஏன் மாற்றினாய் என்று கேட்பார்கள், ஒவ்வொரு வாசலிலும் சொல்ல வேண்டும். முந்நூறுக்கும் திரும்ப மஞ்சள் பூச வேண்டியது நான். கை நோகிறது என்று சொல்ல மாட்டேன். வருகிற வெள்ளிக்கிழமை, பேப்பர் வருவதற்கு ஒரு வாரம் முந்தியே, முதியோர் கூட்டத்தில் எழுந்து நின்று என் ஊரைச் சொல்ல வேண்டியதும் நான். முதலில் நான் சொல்கிறேன், அதற்கு இரண்டாம் நாள் நீ சொல்லு.

இரண்டு மணிக்குப் போ. அந்த நேரத்தில் அவர்கள் சாப்பிட்டு முடித்திருப்பார்கள். கதவைத் திறந்ததும், காலிலிருந்து சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்னாலேயே சொல்லிவிடு. கழற்றி வைத்து, உள்ளே போய் உட்கார்ந்து, அந்தப் பிள்ளையின் தாய் கொண்டுவருகிற தட்டைக் கையில் வாங்கிவிட்டால் உனக்கு வாய் வராது. உன்னை எனக்குத் தெரியும்.

அம்மா